வேலூர் வெயிலில் நாற்று நடும் நாளை முடிவு செய்வது எப்படி? தைப்பட்டக் காய்கறிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தைப்பட்டத்தில், அதாவது தை மாதத்தை ஒட்டி நடும் பருவத்தில், தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றை எப்போது நிலத்தில் இறக்கலாம் என்று வேலூர் பக்கம் யாரைக் கேட்டாலும் "பொங்கல் முடிஞ்சதும் வைங்க" என்பார்கள். தப்பில்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். பொங்கல் முடிந்து எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும்? எந்தப் பயிர் முதலில், எது பொறுக்கும்? மாசி பிறந்து பத்து நாள் கழித்து நர்சரியில் கொழுகொழுவென்று தக்காளி நாற்றைப் பார்த்தால் வாங்கலாமா, விட்டுவிடலாமா? மீதிப் பாதி இந்தக் கேள்விகளில் இருக்கிறது. விளைச்சலும் அதில்தான் இருக்கிறது.

இணையத்தில் நாற்று நடவு பற்றிக் கிடைக்கும் வீடியோக்களில் பல குளிர் நாடுகளில் எடுத்தவை. கடைசி உறைபனி விழும் தேதியைப் பார், மண் சூடேறும் வரை பொறு, அதற்குப் பிறகு நாற்றை வெளியே கொண்டு வா என்று அவை சொல்கின்றன. அங்கே அது சரி, ஒரு ராத்திரி உறைபனியில் தோட்டமே கருகிவிடும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நாமும் சொல்கிறோம்தான். ஆனாலும் வட ஆற்காட்டுச் சமவெளியில் இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். நாற்றைக் கொல்லும் குளிர் இங்கே கிடையாது. நமக்கு எதிரே நிற்பது கத்திரி வெயில். அங்கே காத்திருப்பவனுக்கு லாபம், இங்கே காத்திருப்பவனுக்கு நஷ்டம்.

அதனால் நடவு நாளை முடிவு செய்ய நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றே ஒன்று: நடவிலிருந்து முன்னோக்கி எண்ணாதீர்கள், பூ பிஞ்சாகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கணக்கைப் போடுவதற்கும், போட்ட கணக்கு கெடாமல் பார்த்துக்கொள்வதற்கும்தான். இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சமவெளியை மனதில் வைத்து எழுதுகிறேன். கழனியில் நடுபவர்களுக்கும் மாடியில் பை வைத்து வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும், வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் படி: பூவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தக்காளியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தக் கணக்கில் மிகவும் கறாரான பயிர் அதுதான். தக்காளிச் செடி 38 டிகிரி வெயிலில்கூடச் சாகாது. தண்ணீர் இருந்தால் பச்சைப்பசேல் என்று நிற்கும், பூவும் பூக்கும். ஆனால் பூ பிஞ்சாகாது. காம்பு மஞ்சளாகி, கை பட்டாலே உதிரும். பகல் வெப்பம் 35-ஐத் தாண்டுவது ஒரு காரணம் என்றால், அதைவிடப் பெரிய காரணம் இரவு. இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேல் நின்றுவிட்டால் மகரந்தம் வீணாகிறது. மகரந்தம் உருவாவது பூ மலர்வதற்கு ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மொட்டுக்குள். அப்போதே அது சூட்டில் கெட்டுவிட்டால், மலர்ந்த பிறகு என்ன தெளித்தாலும் பெரிய பலன் இல்லை. பூ உதிர்கிறதே என்று மருந்துக் கடைக்கு ஓடுபவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: தப்பு நேற்று நடந்ததில்லை, நடவு நாளிலேயே நடந்துவிட்டது.

இப்போது நம் ஊர் வெயிலைப் பாருங்கள். தை மாதத்தில் இரவு பொதுவாக 18, 20 டிகிரி, பகல் 30-ஐ ஒட்டி இருக்கும். மாசியில் பகல் 32, 33. மார்ச் பாதியில் 35-ஐத் தொட்டு, மாதக் கடைசியில் தாண்டும். ஏப்ரல் பிறந்தால் இரவே 25 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தக்காளிப் பூவுக்கான கதவு மூடிவிடுகிறது. ஆக, பெரும்பான்மையான பூக்கள் மார்ச் கடைசிக்குள் பிஞ்சாகிவிட வேண்டும். அதுதான் எல்லைக்கோடு.

நட்ட தக்காளி சுமார் 30 நாளில் பூக்கத் தொடங்கும். முதல் கொத்திலிருந்து நான்கைந்து கொத்து வரை பிஞ்சு பிடிக்க இன்னும் ஒரு மாதம் வேண்டும். மார்ச் 31-லிருந்து 60 நாள் பின்னால் போனால் ஜனவரி 30. அதிலிருந்து நாற்றங்காலுக்கு 25 நாள் பின்னால் போனால் ஜனவரி 5. விதைக்க வேண்டிய கடைசி நாள் அது. பொங்கலுக்குப் பிறகு விதை வாங்கப் போகிறவர் ஏற்கெனவே பிந்திவிட்டார். மார்கழி முதல் வாரத்திலிருந்து இரண்டாம் வாரத்துக்குள் குழித்தட்டில், அதாவது சின்னச் சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டில், விதை விழுந்துவிட்டால் பொங்கலை ஒட்டியே நடவு முடியும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், மாசிப் பிறப்பு வாக்கில், பூ தெரியும். பங்குனி பிற்பாதியில் பறிப்பு தொடங்கும்.

அதே நாற்றைப் பிப்ரவரி 25-ல் நட்டால்? பூ வருவது மார்ச் கடைசியில். பிஞ்சு பிடிக்க வேண்டிய மாதம் கிட்டத்தட்ட முழுக்க ஏப்ரலில் போய் விழுகிறது. செடி, உரம், கூலி, தண்ணீர் எல்லாம் அதே செலவு. கிடைப்பது கொத்துக்கு ஒன்றிரண்டு காய். அந்தக் காயும் நல்ல சிவப்பாகப் பழுக்காது. தக்காளிக்குச் சிவப்பு கொடுக்கும் நிறமி 30, 32 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை, அதனால்தான் கோடைத் தக்காளியில் தோளில் மஞ்சள் பாய்ந்து நிற்கிறது. உழவர் சந்தையில் அதைத் தனியாக ஒதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாம் படி: ஒவ்வொரு பயிருக்கும் கடைசித் தேதி குறியுங்கள்

மிளகாய்க்குப் பூ உதிரும் தொல்லை தக்காளி அளவுக்கு இல்லை என்றாலும் உண்டு. ஒரு வித்தியாசம் இருக்கிறது. மிளகாய்ச் செடி கோடையில் பூவை உதிர்த்தாலும், உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடை மழை விழுந்ததும் மறுபடி பூக்கும். அதனால் நடவை பிப்ரவரி முதல் வாரம் வரை தள்ளலாம். ஆனால் மிளகாய் நாற்றுக்கு 40 நாள் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜனவரி 25-ல் நட வேண்டுமானால் டிசம்பர் 15 வாக்கிலேயே விதைத்திருக்க வேண்டும். மார்கழி பிறந்ததும் முதலில் விதைக்க வேண்டியது மிளகாய், கடைசியில்தான் தக்காளி. மூன்றையும் ஒரே நாளில் விதைத்தால் மிளகாய் தயாராகும்போது தக்காளி நாற்று முற்றிப் போயிருக்கும்.

கத்தரிக்கு நம் ஊரில் கவலை குறைவு. வெயிலை மூன்றிலும் நன்றாகத் தாங்குவது அதுதான். 30 முதல் 35 நாள் நாற்றாக, பிப்ரவரி முழுக்க நடலாம். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளு கத்தரி தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியது. வேலூர் முள்ளு கத்தரி என்ற பெயரில் 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த வகையிலிருந்தே தேர்ந்தெடுத்து வி.ஆர்.எம். 1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. வெளியூர் கலப்பின விதைக்குக் காசு கொட்டுவதற்கு முன்னால், இந்த இரண்டில் ஒன்றை ஒரு பட்டமாவது வைத்துப் பாருங்கள் என்பது என் கருத்து. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு அதன் ருசி தனி என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பீர்க்கு, புடல், பாகல், சுரை எல்லாம் நேரடியாகக் குழியில் விதைப்பவை. குழித்தட்டிலோ சின்னப் பையிலோ நாற்று விட்டால் 12 முதல் 15 நாளில், இரண்டு உண்மையான இலை விட்டதும் எடுத்துவிட வேண்டும். ஜனவரியில் தொடங்குவது நல்லது. கொடிக் காய்கறிகளில் சூடு ஏற ஏற ஆண் பூ அதிகமாகும், பெண் பூ குறையும். பந்தல் முழுக்கப் பூவாக இருக்கிறது, காய் இல்லையே என்று வருத்தப்படுபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு: நாற்று வேண்டாம், நேரடி விதைப்பு, மார்ச் வரைக்கும் போகலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர்: தை பிறந்த பிறகு சமவெளியில் நட வேண்டாம். அவை ஐப்பசி, கார்த்திகைப் பயிர்.

மூன்றாம் படி: உங்கள் இடம் எவ்வளவு சூடு என்று பாருங்கள்

மேலே சொன்ன தேதிகள் சராசரி. ஒரே மாவட்டத்துக்குள் பத்துப் பதினைந்து நாள் முன்னே பின்னே போகும். ஏலகிரி, ஜவ்வாது மலை மேலே இருப்பவர்களுக்கு இரவு குளிர்ச்சி ஏப்ரலிலும் இருக்கும், அவர்கள் நிதானமாக நடலாம். மலையடிவாரத்தில் ஒடுகத்தூர், அணைக்கட்டு போன்ற இடங்களில் மாலையில் சூடு சீக்கிரம் தணியும். வேலூர் நகரத்துக்குள் கதையே வேறு. கோட்டையைச் சுற்றி இருக்கும் பாறைக் குன்றுகள் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி இரவில் விடும். பாலாற்றங்கரை மணல் நிலம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் காயும்.

மாடித் தோட்டக்காரர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கான்கிரீட் தளம் பகல் சூட்டை இரவு பத்து, பதினொன்று மணி வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். தக்காளிப் பூவைக் கெடுப்பது இரவுச் சூடு என்று சொன்னேன் அல்லவா? கழனியைவிட மாடியில் அந்த எல்லை முன்னாலேயே வந்துவிடும். மாடியில் தக்காளி நடவைப் பொங்கலோடு முடித்துக்கொள்ளுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம் இரண்டையும் காட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி, செடி நிற்கும் உயரத்தில் நிழலில் மாட்டி வையுங்கள். தினமும் காலையில் முந்தின இரவின் எண்ணைக் காலண்டர் தாளில் குறித்தால் ஒரே ஆண்டில் உங்கள் மாடியின் கணக்கு உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அடுத்த ஆண்டு யாரிடமும் தேதி கேட்க வேண்டியதில்லை.

நான்காம் படி: தைத் தண்ணீரை நம்பாதீர்கள், சித்திரைத் தண்ணீரைக் கணக்கிடுங்கள்

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு தை மாதத்தில் கிணறு நிறைந்திருக்கும். அதைப் பார்த்து ஒரு ஏக்கர் போடலாம் என்று தோன்றும். பயிர் அதிகமாகத் தண்ணீர் கேட்பது மார்ச், ஏப்ரலில். அப்போது அதே கிணறு எப்படி இருக்கும்? போன சித்திரையில் மோட்டார் எத்தனை மணி நேரம் இடைவிடாமல் இறைத்தது, நின்ற பிறகு ஊறி வர எவ்வளவு நேரம் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். அந்த நீருக்கு எவ்வளவு நிலம் பாயுமோ அவ்வளவுதான் நாற்று. அரை ஏக்கருக்குத்தான் வரும் என்றால் அரை ஏக்கர் நடுங்கள், மீதியில் உளுந்தோ எள்ளோ விதைத்துக்கொள்ளுங்கள். சொட்டுநீர் போட்டால் பரப்பைக் கூட்டலாம். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம், அளவீடு என்று வாரக்கணக்கில் ஆகும், ஐப்பசியிலேயே தோட்டக்கலை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு மட்டும் போதாது, தண்ணீரின் தன்மையும் பார்க்க வேண்டும். பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை உப்பாக்கியதும், அந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பகுதிக் கிணறுகளில் கோடை ஏற ஏற உப்பு இன்னும் கெட்டியாகும். முதிர்ந்த செடி தாங்கும் உப்பை இளநாற்று தாங்காது, மிளகாய் நாற்று கொஞ்சமும் தாங்காது. உப்புத் தண்ணீர்க்காரர்கள் எவ்வளவு முன்னால் நடுகிறார்களோ அவ்வளவு நல்லது, மழைநீர் மண்ணில் உப்பைக் கழுவி வைத்திருக்கும் நேரம் அது. இன்னொன்று: பார் பிடித்து, அதாவது மண்ணை நீள மேடாக இழுத்துக் கட்டி, நடும்போது நாற்றைப் பாரின் உச்சியில் வைக்காதீர்கள். சாலில், அதாவது பார்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், பாயும் தண்ணீர் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பை உச்சியில் விட்டுவிட்டுப் போகும். காய்ந்த பாரின் உச்சியில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாரின் பக்கவாட்டில், தண்ணீர் தொடும் மட்டத்துக்குச் சற்று மேலே நட்டால் அந்த உப்பிலிருந்து நாற்று தப்பும்.

ஐந்தாம் படி: நாற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்

தேதி சரி, தண்ணீர் சரி. நாற்று தயாராக இல்லாவிட்டால் இரண்டும் வீண். நர்சரியில் "இருபத்தஞ்சு நாள் நாத்துண்ணே, சூப்பரா வரும்" என்பார்கள். நாள் கணக்கைக் கேளுங்கள், ஆனால் முடிவைக் கண்ணால் எடுங்கள்.

தட்டின் ஓரத்து நாற்றை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தட்டுக்கு அடியில் இருக்கும் ஓட்டையில் விரலால் மெல்ல மேலே தள்ளி, தண்டின் அடியைப் பிடித்து இழுங்கள். குழியில் நிரப்பியிருக்கும் தென்னைநார்க் கழிவு உதிராமல், வேரோடு ஒரே கட்டியாக வெளியே வர வேண்டும். வேர் வெள்ளையாக, கட்டியைச் சுற்றி வலை போல் பரவி இருந்தால் சரியான பருவம். பாதி கழிவு தட்டிலேயே தங்கிவிட்டால் இன்னும் நான்கைந்து நாள் போக வேண்டும். வேர் பழுப்பேறி, அடியில் சுருண்டு சுருண்டு கெட்டியாகக் கிடந்தால் முற்றிய நாற்று. அதை நட்டால் பத்து நாள் அப்படியே நிற்கும், வளராது. அந்தப் பத்து நாள்தான் நாம் முதல் படியில் கணக்குப் பண்ணிச் சேமித்தது.

அடுத்து தண்டு. தக்காளி ஒரு சாண் உயரத்துக்குக் கீழே, நான்கு முதல் ஆறு இலையோடு, அடித்தண்டு திடமாக இருக்க வேண்டும். நிழலில் நெருக்கமாக வளர்ந்து நெடுநெடுவென்று வெளிறிய நாற்று பார்க்க உயரமாக இருக்கும், முதல் காற்றிலேயே சாயும். தட்டிலேயே மொட்டு வைத்த நாற்றை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக இலையைத் திருப்புங்கள். இதைச் செய்பவர்கள் குறைவு. இலையின் அடியில் தூசி போல் வெள்ளை ஈ உட்கார்ந்திருக்கும். தட்டின் மேல் கையை மெதுவாக ஓட்டினால் மாவு பறப்பது போல எழும்பும். நுனி இலை மேல்நோக்கிச் சுருண்டு, நரம்புக்கு நடுவே வெளிறியிருந்தால் இலைச்சுருட்டை நச்சுயிரி வந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மருந்து கிடையாது. அதைப் பரப்புவது இந்த வெள்ளை ஈதான். பூச்சிவலைக்குள் வளர்த்த நாற்றுக்கு ஒன்றிரண்டு காசு அதிகம் கேட்டாலும் கொடுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் போன்ற இலைச்சுருட்டையைத் தாங்கும் தக்காளி ரகம் கிடைத்தால் தைப்பட்டத்துக்கு அது நல்ல தேர்வு.

ஆறாம் படி: வெயிலுக்குப் பழக்குங்கள்

நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த நாற்றை நேராகக் கழனியில் வைத்தால் இலை வெந்து வெள்ளையாகிவிடும். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து பழக்க வேண்டும். முதல் இரண்டு நாள் காலை வெயில் மட்டும், ஒன்பது மணி வரை. அடுத்த இரண்டு நாள் பதினொன்று வரை. பிறகு நாள் முழுக்க. கூடவே தண்ணீரைக் குறையுங்கள், மேல் கழிவு காய்ந்த பிறகு ஊற்றுங்கள், ஆனால் நாற்று தலை தொங்கும் வரை விடாதீர்கள். இந்த வாரத்தில் யூரியா கரைசல் எதுவும் வேண்டாம், அது இளந்தளிரைத்தான் கூட்டும். நர்சரியில் வாங்கினால் "வெயில்ல வச்சீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வீட்டில் வேப்பமர நிழலோரம் ஐந்து நாள் வைத்துப் பழக்கிவிட்டு நடுங்கள்.

ஏழாம் படி: நிலத்தை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

நிலம் தயாராகாததால் தேதி தள்ளிப்போவதுதான் நம்மிடம் அதிகம் நடப்பது. நாற்று நிற்கிறது, டிராக்டர் வரவில்லை. அதனால் விதை போட்ட அன்றே நிலத்து வேலையையும் தொடங்குங்கள். ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழு உரம் போட்டுக் கடைசி உழவு ஓட்டுங்கள். மண் பதமா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை நின்று, விரலால் தட்டினால் உடைந்தால் சரி. பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள், ஈரத்தில் உழுத களிமண் கட்டி பிடித்துவிடும்.

விதை போட்ட அதே நாளில் கழனியின் நான்கு பக்கமும் இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ விதைத்துவிடுங்கள். நாற்று நடும்போது அது முழங்கால் உயரம் வந்திருக்கும், அதன் பிறகு ஆளுயரம் வளர்ந்து பக்கத்துக் கழனியிலிருந்து வரும் வெள்ளை ஈக்குத் தடுப்பாகவும் காற்றுக்கு மறைப்பாகவும் நிற்கும். நடவு அன்று விதைத்தால் இந்தப் பலன் பாதிதான்.

பாரை முடிந்தவரை கிழக்கு மேற்காகப் பிடியுங்கள். தை, மாசியில் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து போகும், அதனால் பாரின் வடக்குப் பக்கம் குளிர்ச்சியாக இருக்கும். நாற்றை அந்தப் பக்கச் சரிவில் நடுங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் 60 சென்டிமீட்டருக்கு 45, கத்தரிக்கு 60-க்கு 60 இடைவெளி போதும். மாடிப் பைக்குச் செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் கலந்து ஒரு வாரம் ஈரமாக வைத்திருந்தால் ஆயிற்று.

எட்டாம் படி: நாளும் நேரமும்

வானிலை அறிவிப்பை ஐந்து நாளுக்குப் பாருங்கள். திடீர் வெப்ப உயர்வோ வறண்ட மேற்குக் காற்றோ சொல்லியிருந்தால் இரண்டு நாள் தள்ளுங்கள். மேகமூட்டம் என்றால் அன்றே நடுங்கள். வளர்பிறை பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதற்காக முற்றிக்கொண்டிருக்கும் நாற்றைப் பத்து நாள் தட்டில் காத்திருக்க வைக்காதீர்கள்.

நேரம் மாலை நான்கு மணிக்குப் பிறகு. ஓர் இரவு முழுக்க வேர் மண்ணைப் பிடிக்க நேரம் கிடைக்கும். காலையில் நட்டால் இரண்டு மணி நேரத்தில் வெயில் வந்துவிடும். நடுவதற்கு முன் நாற்றின் வேர்ப்பகுதியை, வேர் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் கரைசலில், லிட்டருக்கு 10 கிராம் கணக்கில், அரை மணி நேரம் நனைத்து எடுங்கள். சாலில் தண்ணீர் விட்டு, ஈரம் ஏறிய பாரில் நடுங்கள். தக்காளியை முதல் இலை வரை ஆழமாகப் புதைக்கலாம், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். மிளகாயும் கத்தரியும் தட்டில் இருந்த அதே ஆழம்தான். சுற்றி மண்ணை விரலால் அழுத்துங்கள், வேருக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று நின்றால் அங்கேயே காயும்.

ஒன்பதாம் படி: முதல் பத்து நாள்

நட்ட மூன்றாம் நாள் பாய்ச்சுவது உயிர்த்தண்ணீர். இதைத் தவறவிட்டால் மீதி எல்லாம் வீண். மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்து நடவு நாளையே அதற்கேற்ப வைத்துக்கொள்பவர்கள் உண்டு, புத்திசாலித்தனம்தான். அதன் பிறகு மண்ணைப் பார்த்து: மணலில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, களிமண்ணில் வாரம் ஒருமுறை. மாடிப் பைக்குத் தினமும் காலையில்.

மதியம் நாற்று தலை தொங்கினால் பதற வேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் வேர் பிடிக்கிறது. காலை ஆறு மணிக்கும் தொங்கியே இருந்தால்தான் சிக்கல். மண்ணைக் கிளறி ஈரம் பாருங்கள், ஈரம் இருந்தும் வாடினால் அடித்தண்டு அழுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிந்தி நட்டவர்கள் மேற்குப் பக்கம் ஒரு வேப்பங்கொத்தோ பனையோலைத் துண்டோ குத்தி வைத்தால் ஐந்து நாளுக்கு மதிய வெயில் மறையும்.

செத்த இடத்தில் மறுநடவை ஒரு வாரத்துக்குள் முடியுங்கள், அதற்காகப் பத்தில் ஒரு பங்கு நாற்றை மிச்சம் வைத்திருங்கள். வெள்ளை ஈயைப் பிடிக்கும் மஞ்சள் ஒட்டும் பொறியை முதல் வாரத்திலேயே கட்டுங்கள். மூன்றாம் வாரத்தில் கரும்புச் சோகை, வைக்கோல், வேர்க்கடலைத் தோல் எது கிடைக்கிறதோ அதை மூடாக்காகப் போட்டால் பங்குனிச் சூட்டில் வேர் வேகாமல் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் அடிக்கும் கோடை மழைக்குக் காற்றும் கூடவே வரும். காய் பிடித்த தக்காளி சாயாமல் இருக்க அதற்கு முன்பே குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

தேதி தாண்டிவிட்டால்

மாசி பாதியில் நிற்கிறீர்கள், இன்னும் எதுவும் நடவில்லை என்று வைத்துக்கொள்வோம். தக்காளியை விட்டுவிடுங்கள். கழனியில் என்றால் கத்தரி நடுங்கள், வெண்டையும் கொத்தவரையும் விதையுங்கள். வெண்டைக்குக் கோடையில் மஞ்சள் நரம்பு நோய் வரும், தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். மாடியில் என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டி கீரை, கத்தரி வைக்கலாம். நிழல்வலை பகல் வெயிலைத்தான் குறைக்கும், இரவுச் சூட்டைக் குறைக்காது. அதனால் வலை கட்டியிருக்கிறேன், தக்காளி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.

பங்குனி பிறந்துவிட்டால் நாற்றுப் பயிர் எதையும் தொடங்காமல் ஆடிப்பட்டத்துக்குத் தயாராகுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதும் நம் மாவட்டத்துக்கு நன்றாகவே பொருந்தும், தென்மேற்குப் பருவத்து மாலை மழை நமக்கும் கணிசமாகக் கிடைக்கிறது. அங்கேயும் கணக்கு அதேதான், பின்னோக்கி. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறக்கும். அன்று நடவு என்றால் மிளகாய் விதை ஜூன் முதல் வாரத்தில், வைகாசி முடிவதற்குள் விழ வேண்டும். கத்தரி விதை ஜூன் பாதியில், தக்காளி ஜூன் 20-ஐ ஒட்டி. அக்னி நட்சத்திரம் முடிந்து நிலம் ஒரு மழை கண்டதும் கோடை உழவு ஓட்டிப் போட்டுவிட்டு, விதைக்கும் தட்டுக்கும் சொல்லி வையுங்கள்.